மலிவு கிட்டாரின் ஃப்ரெட்டில் அரம் வைக்கும் முன்

₹14,000-க்கு வாங்கிய ஸ்ட்ராட் வடிவ எலக்ட்ரிக் கிட்டார். கம்பிகளின் உயரத்தைக் கொஞ்சம் இறக்கினாலே 7-ஆவது ஃப்ரெட்டுக்கு (விரல் பலகையின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) மேலே கரகரக்கிறது. இரண்டாவது கம்பியை 14-இல் பிடித்து வளைத்தால் ஸ்வரம் பாதியிலேயே செத்துப்போகிறது. கடையில் காட்டினால் “ஃப்ரெட் லெவலிங் பண்ணணும், ₹4,000 ஆகும்” என்றார்கள்; அதாவது எல்லா ஃப்ரெட்டின் தலையையும் ஒரே மட்டத்துக்குத் தேய்ப்பது. அதே காசுக்கு அரமும் எமரியும் சேர்ந்த கருவிப் பெட்டியே கிடைக்கிறதே, நானே தேய்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த விலைக் கிட்டாருக்கு இவ்வளவு மெனக்கெடலாமா என்பது ஒன்று. கோளாறு உண்மையிலேயே ஃப்ரெட்டில்தானா என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தாராளமாக மெனக்கெடலாம். சென்னையில் 13 வருடமாகக் கிட்டார் பழுது பார்க்கிறேன்; என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் இந்த விலைக் கிட்டார்கள்தான். நெக்கையும் (கிட்டாரின் கழுத்து) ஃப்ரெட் பள்ளங்களையும் இப்போது கணினி இயந்திரம் வெட்டுகிறது. அதனால் ஃப்ரெட்டுகளின் இடைவெளியே தப்பாக இருக்கும் கிட்டாரை நான் பார்ப்பது அபூர்வம். கம்பெனிக்காரர்கள் காசு மிச்சம் பிடிப்பது, கடைசியில் ஓர் ஆள் உட்கார்ந்து ஒன்றிரண்டு மணி நேரம் செய்ய வேண்டிய கைவேலையில். நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) பள்ளத்தைச் சரியான ஆழத்துக்கு இறக்குவது, ஃப்ரெட் முனைகளை மழுக்குவது, தலைகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது எல்லாம் அந்த நேரத்தில் நடக்க வேண்டியவை. மரத்தை நீங்கள் மாற்ற முடியாது. விட்டுப்போன அந்த இரண்டு மணி நேரத்தை நீங்கள் போட முடியும்.

ஆனால் எந்த வரிசையில் போடுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வீணையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் உட்கார்ந்திருக்கும். மேளம் கட்டுகிறவர் மெழுகை இளக்கி, காதால் கேட்டுக்கேட்டு, ஒவ்வொரு மெட்டையும் ஏற்றி இறக்கி நகர்த்துவார். தப்பாகப் போனால் மறுபடி இளக்கினால் போயிற்று. கிட்டார் ஃப்ரெட் அப்படி இல்லை. அது மரத்துக்குள் அடித்து இறக்கிய உலோகம். அதன் உயரத்தைக் குறைக்க ஒரே வழி தேய்ப்பது. தேய்த்ததைத் திரும்ப வைக்க முடியாது. அதனால் ஃப்ரெட் லெவலிங் என்பது கடைசி மருந்து. அதற்கு முன் செய்ய வேண்டிய எல்லாமே பழையபடி மாற்றிவிடக்கூடியவை, நட்டை அரம் போடுவதைத் தவிர.

புதுக் கம்பி போட்டு, நீங்கள் வழக்கமாக வாசிக்கும் சுருதியில் சேர்த்த பிறகு ஆரம்பியுங்கள். கம்பியின் இழுவை மாறினால் நெக்கின் வளைவும் மாறும் என்பதால் தளர்ந்த கம்பியில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. முதலில் பார்க்க வேண்டியது நெக்கின் வளைவு. அதிரும் கம்பி நடுவில்தான் அகலமாக ஆடும். அந்த ஆட்டத்துக்கு இடம்விட்டு நெக் துளி உட்குழிவாக இருக்க வேண்டும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, ஆறாவது கம்பியை, அதாவது தடித்த கம்பியை, கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, 8-ஆவது ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் இடையே எவ்வளவு சந்து என்று பாருங்கள். 9.5 முதல் 12 அங்குல ரேடியஸ் (விரல் பலகையின் குறுக்கு வளைவு) உள்ள நெக்குக்கு, ஸ்ட்ராட்டை உருவாக்கிய ஃபெண்டர் கம்பெனியின் சொந்தக் கையேடு சொல்வது சுமார் 0.25 மி.மீ. இதை அளக்கும் ஃபீலர் கேஜுக்காகக் கிட்டார் கடைக்குப் போக வேண்டாம். பைக் மெக்கானிக் டாப்பெட் அளவு பார்க்க வைத்திருப்பதும் அதேதான்; டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும்.

சந்து அதிகம் என்றால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டு, ஆலன் கீயால் திருப்புவது) வலஞ்சுழியாக இறுக்க வேண்டும். சந்தே இல்லை, நெக் பின்பக்கம் வளைந்திருக்கிறது என்றால் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பிறகு சுருதி சேர்த்து மறுபடி அளங்கள். ஆலன் கீ விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. 1/8 அங்குலக் குழி என்பது 3.175 மி.மீ. அதில் 3 மி.மீ. கீ சமர்த்தாக உள்ளே போகும், இரண்டு தடவை திருப்பினால் குழியின் மூலைகளை வழித்துவிடும். அப்படி வழிந்துபோன ராடோடு வரும் கிட்டார்களில் செலவு, கிட்டாரின் விலையைத் தொட்டுவிடுகிறது.

அடுத்தது கம்பியின் உயரம். இணையத்தில் “என் ஆக்‌ஷன் 1.6” என்று யாராவது எழுதினால், எந்த ஃப்ரெட்டில் அளந்தது என்று கேளுங்கள். பாதிப் பேர் 12-இல் அளக்கிறார்கள். ஃபெண்டர் கையேட்டின் 1.6 மி.மீ. 17-ஆவது ஃப்ரெட்டில் அளப்பது. கம்பி நட்டிலிருந்து பிரிட்ஜுக்கு (உடல்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்) போகப் போக உயர்ந்துகொண்டே போவதால், 17-இல் 1.6 இருக்கும் கிட்டாரில் 12-இல் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் 17-இல் அளந்து 1.2-க்கு இறக்கிவிட்டு, ஃப்ரெட் சரியில்லை என்று வருகிறவர்கள் நிறைய. நீங்கள் எவ்வளவு இறக்கினீர்கள் என்று எழுதவில்லை. அந்த எண் தெரியாமல் உங்கள் ஃப்ரெட் மேல் நான் குற்றம் சொல்ல முடியாது.

நட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவு கிட்டாரின் பெரிய வியாதி அதுதான். தொழிற்சாலையில் பள்ளம் அதிகமாக வெட்டினால் நட்டையே மாற்ற வேண்டும், குறைவாக வெட்டினால் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. அதனால் குறைவாக வெட்டி விட்டுவிடுகிறார்கள். கம்பியை 3-ஆவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். ஒரு மெல்லிய தாள் நுழைகிற அளவு சந்துதான் இருக்க வேண்டும். விரலால் தட்டினால் ‘டிக்’ என்று லேசாகப் படும் சத்தம் கேட்க வேண்டும். தாளே நான்கு மடிப்பு நுழைந்தால் பள்ளத்துக்கு ஆழம் போதவில்லை. முதல் மூன்று ஃப்ரெட்டில் கார்டு பிடிக்கும்போது கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறிப்போவதற்கும், புதிதாகக் கற்கிறவர்கள் எஃப் கார்டு பிடிக்க முடியாமல் விரலைக் குறை சொல்வதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். நட்டுக்கென்று விற்கும் அரங்கள் விலை அதிகம். வெல்டிங் டார்ச்சின் முனையைச் சுத்தம் செய்யும் கம்பிக் கட்டை வைத்துப் பலர் ஒப்பேற்றுகிறார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான். பொறுமையாக இருந்தால் வேலை நடக்கும். அதிகமாக இறங்கிவிட்டால், பள்ளத்தில் சமையல் சோடா தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு நிரப்பி மறுபடி வெட்டலாம். அது தற்காலிகம்தான், ஆனால் புது நட் வரும்வரை தாங்கும்.

இன்டனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது, சுலபம். 12-இல் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் தொட்டு மட்டும் மீட்டும் ஒலி) அழுத்திப் பிடித்த ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பையும் மறக்க வேண்டாம். ஸ்ட்ராட் வகையின் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்அப்கள் பலவற்றில் காந்தத் துண்டுகளே நேராகக் கம்பிக்குக் கீழே நிற்கின்றன. அவற்றை ரொம்ப ஏற்றி வைத்தால் கம்பியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் இரட்டைச் சுருதி போல ஒரு விகாரமான அலையை உண்டாக்கும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு அளந்தால் தடித்த கம்பிப் பக்கம் 2.4, மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ. இருந்தால் ஆரம்பிக்க நல்ல இடம். இன்னொன்று, கரகரப்பை ஆம்ப்பில் போட்டுக் கேளுங்கள். எலக்ட்ரிக் கிட்டாரில் ஆம்ப் இல்லாமல் காதுக்கு வரும் சின்னக் கரகரப்பு ஸ்பீக்கரில் வரவே இல்லை என்றால் அதை விட்டுவிடலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் கரகரத்தால்தான் ஃப்ரெட்டைச் சந்தேகிக்க வேண்டும். முதல் நாலைந்து ஃப்ரெட்டில் மட்டும் சத்தம் என்றால் நெக் இன்னும் போதுமான உட்குழிவு இல்லாமல் இருக்கிறது. 12-க்கு மேலே எல்லாவற்றிலும் என்றால் ஆக்‌ஷன் குறைவு, அல்லது நெக் உடலோடு சேரும் இடத்தில் பலகை மேடாக இருக்கிறது. ஒரே ஒரு ஸ்வரத்தில் என்றால், அதற்கு அடுத்த ஃப்ரெட் உயரம். இந்த மூன்றாவது வகையைக் கண்டுபிடிக்க ஃப்ரெட் ராக்கர் என்ற சிறு இரும்புத் துண்டு இருக்கிறது. நேரான விளிம்பு கொண்ட எதுவும் ஆகும், ஏடிஎம் கார்டின் விளிம்புகூட. நெக்கை நேராக்கிவிட்டு, மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் விளிம்பை நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். ஆடாமல் நின்றால் மட்டம். ‘டக் டக்’ என்று ஆடினால் நடுவில் இருப்பது மேடு.

மேடு என்று தெரிந்ததும் தேய்க்கக் கூடாது. போன மழைக்காலத்தில் ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த கிட்டாரில் 9-ஆவது ஃப்ரெட்டில், மெல்லிய கம்பிகளின் பக்கம் மட்டும், ராக்கர் நன்றாக ஆடியது. வேறோர் இடத்தில் முழு லெவலிங் செய்யச் சொல்லியிருந்தார்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் ஃப்ரெட்டின் அடியில் முடி நுழையும் அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. மரக்குச்சியால் ஃப்ரெட்டின் முனையை அழுத்தினேன், கோடு மறைந்தது. எடுத்தேன், திரும்ப வந்தது. அந்த ஃப்ரெட் உயரமே இல்லை, கிளம்பி நிற்கிறது. இருபக்கமும் பலகைக்கு டேப் ஒட்டி, கோட்டில் தண்ணீர் போல ஓடும் ஃபெவிக்விக்கை ஒரு சொட்டு விட்டு, மரக்கட்டை வைத்து கிளாம்ப் போட்டு அரை மணி நேரம் விட்டேன். ராக்கர் ஆடவில்லை. ஓர் அணு உலோகம்கூடப் போகவில்லை. இதைத் தேய்த்திருந்தால் அன்றைக்குச் சரியாகியிருக்கும். ஆனால் பின்னால் எப்போதாவது ஃப்ரெட் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தால், தேய்த்த இடம் குழியாகத் தெரிந்திருக்கும். டேப் ஒட்டச் சொல்வதற்குக் காரணம், விரல் பலகையின் நுண்துளைகளில் பசை ஓடிவிடும் என்பது. 2017-இல் ரோஸ்வுட் வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு மலிவு கிட்டார்களில் இந்தியன் லாரல் என்ற பெயரில் வரும் பலகை வேறெதுவும் இல்லை, நம் ஊர்க் கருமருதுதான்.

கிளம்பிய ஃப்ரெட் எதுவும் இல்லை, இருந்தும் ஆங்காங்கே மேடுபள்ளம் என்றால் அப்போது லெவலிங் செய்யலாம். செய்முறையின் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது: தேய்க்கும்போது நெக் நேராக இருக்க வேண்டும். என் முதல் வேலையில் இதை நான் கவனிக்கவில்லை. கம்பியைக் கழற்றியதும் நெக் தானாக நேராகிவிடும் என்று நினைத்தேன். பழைய கிட்டார், குழிவு அப்படியே இருந்தது. 7-ஆவது ஃப்ரெட்டின் மேல் போட்ட மார்க்கர் மை அழியும்வரை விடாமல் தேய்த்தேன். நிமிர்ந்து பார்த்தபோது முதல் ஃப்ரெட்டும் கடைசி நான்கும் கிட்டத்தட்டப் பலகையோடு பலகையாகிவிட்டன. என் சொந்த கிட்டார் என்பதால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஃப்ரெட் முழுவதையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டேன். இப்போது கம்பியைக் கழற்றியதும் ஃப்ரெட் இருக்கும் இடங்களில் வெட்டு விட்ட நேர்கோலைப் பலகையிலேயே வைத்துப் பார்த்து, ட்ரஸ் ராடால் நேராக்கிய பிறகுதான் எமரியைத் தொடுகிறேன்.

தேய்க்க விலையுயர்ந்த பீம் (எமரி ஒட்டும் நேரான உலோகச் சட்டம்) அவசியம் இல்லை. கண்ணாடிக் கடையில் 12 மி.மீ. தடிமன் உள்ள கண்ணாடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டையை 40 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, விளிம்பை மழுக்கித் தரச் சொல்லுங்கள். நல்ல கண்ணாடி, கடையில் வாங்கும் அலுமினியக் குழாயைவிட நேராக இருக்கும். அதில் இருபக்கப் பசை டேப்பால் 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டுங்கள். பலகை முழுவதும் மாஸ்கிங் டேப், ஃப்ரெட் தலைகளில் மார்க்கர் மை. கம்பி போகும் பாதையிலேயே, நீளவாக்கில், பட்டையின் சொந்த எடையில் மட்டும் இழுங்கள். கை அழுத்தம் வேண்டாம். ஐந்தாறு இழுப்புக்கு ஒரு தடவை நிறுத்தி மையைப் பாருங்கள். எல்லாத் தலையிலும் மை போனதும் நிறுத்த வேண்டும். மீடியம் ஜம்போ என்ற அளவுள்ள ஃப்ரெட்டின் உயரமே ஏறக்குறைய 1.2 மி.மீ.தான். இதில் ஒரு தாள் தடிமன், அதாவது 0.1 மி.மீ. போனாலே நான் கவலைப்பட ஆரம்பிப்பேன்.

தேய்த்த தலை தட்டையாகியிருக்கும். அப்படியே விட்டால் கம்பி ஒரு புள்ளியில் நிற்காமல் ஒரு பரப்பின் மேல் உரசும். தம்புராவின் குதிரையில் ஜீவா நூல் வைத்து நாம் விரும்பி வரவழைக்கும் அந்த இழை இங்கே வந்தால் வியாதி, சுருதியும் துல்லியமாக நிற்காது. அதனால் தலையை மறுபடி வளைவாக்க வேண்டும். மறுபடி மை பூசி, மூலைகள் மழுக்கிய முக்கோண அரத்தால் இருபுறமும் சரித்துக்கொண்டே வந்து, உச்சியில் நூல் போல ஒரு மைக்கோடு மிஞ்சும்போது நிறுத்துங்கள். அந்தக் கோட்டைத் தொட்டால் மட்டம் போய்விடும். பிறகு 600, 1000, 2000 என்று மெருகேற்றலாம். கடைசியில் இரும்புப் பஞ்சு போடுவதாக இருந்தால் பிக்அப்பை டேப்பால் முழுக்க மூடுங்கள். காந்தம் அந்தத் தூளை இழுத்துக்கொண்டால் எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி சொல்வதில் தொழில்காரர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. கம்பி இழுவையில் இருக்கும் நெக்கும் கம்பி இல்லாத நெக்கும் ஒரே மாதிரி நேராவதில்லை என்று, இழுவையைப் போலியாக உண்டாக்கும் சட்டத்தில் மாட்டித் தேய்ப்பவர்கள் உண்டு. பெர்லினில் உருவான பிளெக் இயந்திரம் கம்பி இருக்கும்போதே ஃப்ரெட்டுகளை அளந்து, பிறகு தானே சீவுகிறது. அவர்கள் சொல்வது தத்துவத்தில் சரி. ₹14,000 கிட்டாரில் அந்த வித்தியாசம் கைக்குத் தெரியுமா என்றால், என் கைக்குத் தெரிந்ததில்லை. கடைசி ஏழெட்டு ஃப்ரெட்டுகளை வேண்டுமென்றே துளி சரிவாகத் தேய்ப்பதும் அப்படித்தான். நெக் சேரும் இடத்தில் மேடு உள்ள கிட்டார்களில் நான் செய்வேன், மற்றவற்றில் செய்வதில்லை. நெக் முறுக்கிக்கொண்டது, ட்ரஸ் ராட் முழுக்க இறுக்கியும் குழிவு போகாதது, இந்த இரண்டுக்கும் லெவலிங் மருந்தல்ல. வேறு நெக் பாருங்கள். ஃப்ரெட் முனைகள் கையைக் கீறுவதும் வேறு சங்கதி. ஏசி அறையில் மரம் உலர்ந்து சுருங்குகிறது, உலோகம் சுருங்குவதில்லை, அதனால் முனை வெளியே நீட்டிக்கொள்கிறது. ஓரத்தை மட்டும் சின்ன அரத்தால் சாய்த்துவிட்டால் போதும்.

உங்கள் கிட்டாருக்கு வருகிறேன். இரண்டாவது கம்பியை 14-இல் வளைத்தால் ஒலி சாகிறது என்கிறீர்களே, அதற்காக ராக்கரை இரண்டாவது கம்பிக்கு அடியில் வைக்காதீர்கள். வளைக்கும்போது அந்தக் கம்பி அங்கே இருப்பதில்லை. மூன்றாவது, நான்காவது கம்பிகள் ஓடும் பக்கம் போய்விடுகிறது. ஃப்ரெட்போர்டின் வளைவில் உயரமான இடம் அதுதான். 15-இலிருந்து கடைசி வரை அந்தப் பாதையில் பாருங்கள். அங்கே ராக்கர் ஆடினால் கடைக்காரர் சொன்னது சரி. கிட்டார் ஒன்றுதான் என்றால் ₹4,000 கொடுத்து அவரிடமே விடுங்கள், தேய்க்கும் முன் எந்த ஃப்ரெட் மேடு என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால் அந்தக் கருவிப் பெட்டியை வாங்கி, பழுதான ஒரு நெக்கில் முதலில் கை வையுங்கள். ராக்கர் எங்கும் ஆடவில்லை, 17-இல் உங்கள் ஆக்‌ஷன் 1.6-க்குக் கீழே இருக்கிறது என்றால், மெல்லிய இரண்டு கம்பிகளின் சேடில் திருகுகளை மட்டும் அரைச் சுற்று ஏற்றி, அதே இடத்தில் மறுபடி வளைத்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.